பத்தாவது ஆள்

மனோர் பார்க்,
லண்டன்.
மார்கழி, வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்பின் துஷாந்தன் அப்பாவுக்கு,

நான் ஏதோ இருக்கிறேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, பிரஷர் குளிசையை மறக்காமல் போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். போனில் எடுத்தால் நீங்கள் சாப்பிட்டியோ என்பீர்கள், நான் ஓம் என்பேன். நான் சாப்பிட்டீங்களோ என்பேன், நீங்கள் ஓம் என்பீர்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். அந்தச் சத்தத்துக்குக் கடிதம் பரவாயில்லை என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கௌசி, தன் தங்கச்சியின் தை மாதக் கலியாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பறக்கிறாள். அவளிடம் இந்தக் கடிதமும், உங்கள் குளிசையும், இரண்டு பெனியனும், முழங்காலுக்குப் பூசுகிற மருந்தும் கொடுத்துவிடுகிறேன். அண்ணையைக் கையோட கூட்டிக்கொண்டு வாறன் அக்கா, பெட்டிக்குள்ள இடம் வைச்சிருக்கிறன் என்று பகிடி விட்டாள். நான் சிரித்தேன். சிரித்துக் கனகாலம்.

இன்றைக்கு வெள்ளி என்பதால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதானே, மாரிகாலத்தில் பொழுது படுமுன் யூதர்களின் ஓய்வு நாளான சபாத் தொடங்கிவிடும். சமைத்து, குளித்து, விளக்கேற்ற வேண்டும் என்று எங்கள் சட்டத்தரணிகள் எல்லோரும் மத்தியானத்தோடு ஓடிவிடுவார்கள். யூதச் சட்டத்தரணிகள் சங்கத்தில் வேலை பார்ப்பதால் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் இந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரம் என்று முன்பு உங்களிடம் சொல்லுவேன். இப்போது வெறும் வீட்டுக்கு நேரத்தோடு வந்து என்ன செய்வது? திங்கள் தொடக்கம் வியாழன் வரை பரவாயில்லை. வெள்ளிதான் கஷ்டம்.

கந்தோரில் வேலை கூடிவிட்டது. வருடாந்த இரவு விருந்து ஒரு மாதிரி நடந்து முடிந்தது. சமையல்காரர் கொண்டுவந்த வினாகிரிப் போத்தலில் அவர்களின் உணவு விதிப்படி இருக்க வேண்டிய முத்திரை இல்லை என்று சமையலைப் பார்க்க வந்த யூத மதகுரு ராபாய் சாலட் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். இருநூறு சட்டத்தரணிகள், சாலட் இல்லாமல். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாதம். அடுத்த வருடம் அவர்களுடைய விரத நாளில் வழக்கு வைக்க வேண்டாம் என்று நீதிமன்றங்களுக்கு அனுப்புகிற கடிதமும் நான்தான் தட்டெழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை இலவச ஆலோசனைக்கு இப்போது எங்கள் ஆட்களும் வருகிறார்கள். போன கிழமை கோலியர்ஸ் வுட்டிலிருந்து யோகராஜா என்று ஒருவர், வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழுப்பப் பார்க்கிறான் என்று வந்தார். எங்கள் சட்டத்தரணி மிஸ்டர் ஸில்வர் அவருக்கு ஒரு மணித்தியாலம் இருந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். நன்றிக்கு மனுஷன் ஒரு பை நிறைய வடை கொண்டுவந்துவிட்டார். வெளிச் சாப்பாடு ஆலோசனை நடக்கிற மண்டபத்துக்குள் போகக்கூடாது என்று எப்படிச் சொல்வது? நானும் அவரும் பஸ் தரிப்பில் நின்று பாதியைச் சாப்பிட்டோம். உள்ளே வந்தபோது என் கையில் வடை வாசம் அடிக்கிறது என்று மிஸ்டர் ஸில்வர் பெருமூச்சு விட்டார்.

வாசலில் இப்போது நிரந்தரமாகக் காவலாளி. கிழமைக்கு ஒருவரை மாற்றுகிறார்கள், ஒவ்வொருவரும் என்னைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். காலையில் யூதர்களுக்கு எதிராக வருகிற வசை மின்னஞ்சல்களை முதலில் திறப்பதும் நான்தான். முதல் வரியைத் தாண்டி வாசிப்பதில்லை, எடுத்து அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். உங்களை எரிக்க வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். எந்த உங்களை என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறக்கிறவள் நான் ஒருத்தி. பயம் இல்லை, களைப்புத்தான்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் தலைவர் மிஸ்டர் ஹால்பெர்னின் மகள் நவோமி ஆவணியில் செத்துப்போனதை உங்களுக்குப் போனில் சொன்னேன். மூளையில் கட்டி. உங்களுக்கு அது காதில் விழுந்ததோ தெரியாது, நீங்கள் ஓம் என்றீர்கள். அவர்களிடம் கதீஷ் என்று ஒரு பிரார்த்தனை இருக்கிறது. தாய் தகப்பனுக்காகப் பிள்ளைகள் பதினொரு மாதம் நாள்தோறும் சொல்வது. பிள்ளைக்காகத் தகப்பன் சொல்வதானால் ஒரு மாதம் போதுமாம். மிஸ்டர் ஹால்பெர்ன் பதினொரு மாதமும் சொல்லுவேன் என்று நிற்கிறார். எனக்கு மகள் சொல்ல வேண்டியது, மாறி நடக்கிறது, நடந்தால் முழுவதுமாக நடக்கட்டும் என்றார். அவர் அப்படிச் சொன்னபோது, மயானத்தில் எங்கள் பிள்ளையை எரிக்கிற பொத்தானை அழுத்த உங்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோனார்களே, அதுதான் எனக்கு நினைவு வந்தது. எழுந்து கக்கூசுக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தப் பிரார்த்தனையைத் தனியாகச் சொல்ல ஏலாது. பத்து யூத ஆண்கள் கூடி நின்றால்தான் சொல்லலாம், அவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். சில கோயில்களில் பெண்களையும் சேர்ப்பார்களாம், மிஸ்டர் ஹால்பெர்ன் பழைய ஆள். பின்னேரப் பிரார்த்தனை எங்கள் கந்தோர் நூலக அறையில். மாரியில் பொழுது நேரத்தோடு பட்டுவிடுகிறது, அந்த நேரம் பாரிஸ்டர்கள் எல்லோரும் நீதிமன்றத்துக்குள் நிற்பார்கள். இந்தப் பத்துப் பேரையும் சேர்ப்பது யார்? நான்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்தால், ஒருவரை நீதிபதி விடவில்லை, ஒருவருக்குப் பல்லு வலி, ஒருவர் ரயிலில். ஆறு வரும், ஏழு வரும். மிஸ்டர் ஹால்பெர்னையும் சேர்த்து ஒன்பதில் வந்து நிற்கும். மற்ற எட்டுப் பேரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மிஸ்டர் ஹால்பெர்ன் யன்னலைப் பார்ப்பார்.

முதல் கிழமை நான் வாசலில் நின்று விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மிஸ்டர் ஸில்வர் பதறிப் போனார். ஆட்களை அப்படி இலக்கம் சொல்லி எண்ணக்கூடாதாம். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாகப் பார்ப்பார்களாம். அந்த வசனம் என் வாயில் நுழையவில்லை. ஆகவே நான் கொளுக்கியில் தொங்குகிற மேல்கோட்டுகளை எண்ணத் தொடங்கினேன். பத்துக் கோட்டு இருந்தால் கதவைச் சாத்திவிட்டு என் மேசைக்குப் போய்விடுவேன்.

ஆள் சேர்த்ததில்தான் பிழை விட்டேன். எங்கள் மேல்மாடியில் மிஸ்டர் ஐசக் ரீஸ் என்று ஒரு சொலிசிட்டர் இருக்கிறார். பெயர் ஐசக். சங்கத்தின் கூட்டங்களுக்கும் விருந்துக்கும் தவறாமல் வருகிறவர். ஒன்பதில் நின்ற ஒரு நாள் அவருக்குப் போன் அடித்து, கொஞ்சம் கீழே வர ஏலுமோ, மிஸ்டர் ஹால்பெர்னோடு நிற்க ஒரு ஆள் தேவை என்று கேட்டேன். உடனே வந்தார். வாசல் பெட்டியில் இருந்த பிரார்த்தனைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். அதற்குப் பிறகு ஆள் குறைகிற நாளெல்லாம் அவர்தான். முகம் சுளித்ததே இல்லை. இவரல்லோ மனுஷன் என்று நினைத்துக்கொள்ளுவேன்.

போன கிழமை மிஸ்டர் ஸில்வர் சும்மா கதையோடு கதையாக, நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அவரைக் கேட்டிருக்கிறார். அவர், இப்போது எங்கும் போவதில்லை, என் அப்பா வேல்ஸில் தேவாலயப் போதகராக இருந்தவர் என்றிருக்கிறார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் ஐசக் என்றால் கிறிஸ்தவ வேதக்காரர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குருநகரில் உங்களோடு படித்த செபமாலைமுத்துவின் தமையனுக்கும் ஐசக்தானே பெயர். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான், இத்தனை வருடம் யூதர்களோடு இருந்துவிட்டு, ஐசக் என்றால் யூதர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் செத்த மகளுக்காகச் சொன்னதையெல்லாம் நான் பழுதாக்கிவிட்டேன் என்றுதான் பட்டது. மிஸ்டர் ரீஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன் என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் போன பிறகு மிஸ்டர் ஹால்பெர்னிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னை இருக்கச் சொன்னார். தனக்கு முதல் நாளே தெரியும் என்றார். ரீஸையும் அவருடைய தகப்பனையும் இருபது வருடமாகத் தெரியுமாம், அந்தப் போதகரின் செத்த வீட்டுக்குக்கூடப் போனவராம். தெரிந்துகொண்டுதான் அன்றைக்கும் வாய்விட்டுச் சொன்னாராம். சட்டப்படி சொல்ல வேண்டியதை ஒவ்வொரு நாளும் இரவு தன் கோயிலில் சரியான பத்துப் பேரோடு திரும்பச் சொல்லிவிடுவாராம். மகளுக்கு ஒரு குறையும் இல்லை, பயப்படாதே என்றார். அப்படியென்றால் பின்னேரத்தில் ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். இரவு வருகிறவர்கள் எப்படியும் கோயிலுக்கு வருகிறவர்கள், இங்கே வருகிறவர்கள் எனக்காக வேலையைப் போட்டுவிட்டு வருகிறார்கள், அது எனக்குத் தேவையாக இருக்கிறது என்றார். நீ எண்ணிக்கைக்குள் இல்லை என்று ரீஸிடம் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார், அதனால் வாயைத் திறக்கவில்லை என்றார்.

இப்போது மிஸ்டர் ரீஸும் நாள்தோறும் வருகிறார். தலைவரே போன் பண்ணி வரச் சொல்லிவிட்டார். ரீஸை விட்டுப் பத்துப் பேரை நான் சேர்க்க வேண்டும். அதாவது பதினொரு கோட்டு. என் வேலை ஒன்று கூடியதுதான் மிச்சம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கு நான் எழும்பும்போது அவர் என்னைக் கேட்டார். உன் மகன் போய் வருடம் ஆகப்போகிறதே, உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று. இருபத்தாறு வயதுப் பிள்ளை பந்து விளையாடப் போன இடத்தில் நெஞ்சு நின்று விழுந்ததும், நீங்கள் சாம்பலைக் கரைக்க ஊருக்கு, கீரிமலைக்குக் கொண்டுபோனதும் அவருக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் வாறன் என்று சொல்லிப் போன நீங்கள் பங்குனியிலிருந்து அங்கேயே நிற்கிறீர்கள் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் வருவார்கள், வீடு நிறைய ஆட்கள் என்று சொன்னேன். ஒருவரும் வருவதில்லை. முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்ததோடு எல்லோரும் தங்கள் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் கோயிலில் கண்டால்கூடத் துஷாந்தனின் பெயரைச் சொல்லாமல் கதைக்கிறார்கள், எனக்கு நோகும் என்று நினைத்து. அவன் பெயரைச் சொல்ல எனக்கு உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்களும் சொல்வதில்லை.

நீங்கள் ஏன் வராமல் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாடிப்படி ஏறினால் முதல் கதவு அவனுடையது. போகுமுன் நீங்கள் அந்தக் கதவைப் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டேன். எனக்கு அந்தக் கதவை விட்டு ஒரு நாள் வர ஏலாது, உங்களுக்கு அதைக் கடந்து ஒரு நாள் போக ஏலாது. இதைத்தான் இவ்வளவு மாதமாகப் போனில் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு உங்களில் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு பேரும் பெற்ற பிள்ளை, நீங்கள் உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று சில நேரம் கத்த வேண்டும் போல இருக்கும்.

நீங்கள் வேலை செய்கிற டிப்போவிலிருந்து இரண்டு முறை போன் எடுத்தார்கள். உங்கள் இடத்தை மாசிக்குப் பிறகு வைத்திருக்க ஏலாதாம். வேலை போனால் போகட்டும், அதற்காக உங்களை வரச் சொல்லவில்லை. மாசியில் ஆண்டுத் திவசம் வருகிறது. அங்கே ஐயரைப் பிடித்து நீங்கள் தனியாகச் செய்துவிடுவீர்கள் என்று கௌசி தன் வீட்டாரிடம் கேட்டுச் சொல்லித்தான் தெரிந்தது. முறைப்படி அது சரியாகவும் இருக்கும், அவனுக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அன்றைக்கு நான் எங்கே நிற்பது?

போன சனிக்கிழமை கௌசியின் புருஷனைக் கூப்பிட்டு எங்கள் கட்டிலைக் கழற்றிக் கீழே முன்னறையில் போட்டுவிட்டேன். உங்கள் உடுப்பு அலுமாரியும் கீழேதான். குளியலறையும் கீழே இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் நீங்கள் ஒரு நாளும் மாடிக்கு ஏறத் தேவையில்லை. நான் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறேன். நீங்கள் கீழே இருங்கள். ஒன்றும் கதைக்க வேண்டாம். அழுவதானால் அழுங்கள், ஆனால் இங்கே வந்து அழுங்கள்.

முருகன் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள், விமான நிலையத்துக்கு நான் வருவேன்.

உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சிவமலர்