பிரேக் கால்

மார்ச் 4

கை நடுக்கம் பழகிவிட்டது. தூக்கம்தான் கழுத்தறுக்கிறது. பார்க்கின்சன் என்றதும் கை ஆடும், நடை தளரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். கனவில் செய்வதையெல்லாம் கட்டிலிலும் செய்வேன் என்று யார் கண்டது? முப்பத்தோரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவன். பக்கத்து இருக்கையில் எனக்கென்று தனி பிரேக் உண்டு. இப்போது கனவில் எவனாவது லாரிக்கு நேராக வண்டியை விடுகிறான். நான் வலது காலால் ஓங்கி மிதிக்கிறேன். மிதிபடுவது சுவரோரம் படுத்திருக்கும் மனைவியின் முட்டி.

மார்ச் 5

முட்டி நீலம் பாரித்திருக்கிறது. "படியில விழுந்துட்டேன்னு பக்கத்து வீட்ல சொல்லியிருக்கேன். புருஷன் தூக்கத்துல பிரேக் போட்டார்னா யார் நம்புவா?"

மார்ச் 7

படுக்கையில் புரள முடியவில்லை என்றேன். வழுக்கும் துணியாக விரித்துக்கொள்ளச் சொன்னார் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண். விரித்தேன். புரண்டேன். தரைக்கு வந்துதான் நின்றேன்.

மார்ச் 8

என்னைத் தூக்கியதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டாள். "கோபமெல்லாம் இல்லைங்க. இருக்கறதே ரெண்டு முட்டி."

கோபமென்றால் சமாதானம் செய்யலாம். முட்டியை எப்படிச் சமாதானம் செய்வது?

மார்ச் 10

கட்டில் முழுக்க என்னுடையது. ராஜா மாதிரி தூங்குவேன் என்று நினைத்தேன். நாலு முறை விழித்து, நாலு முறையும் பக்கத்தில் கையால் துழாவினேன். பகலில் கண் சொக்குகிறது. இதை எழுதும்போதே

அதே நாள், மாலை

பேனா மை கன்னத்தில். "எந்தக் கல்யாணத்துக்குப் பொட்டு?" என்றாள்.

மார்ச் 13

நரம்பு டாக்டரிடம் போனோம். இரவில் என்ன செய்கிறேன் என்று கேட்டார். மனைவி ஒரு தாளை நீட்டினாள். நேற்றைய கணக்கு:

1.50 – கிளட்ச், கிளட்ச் என்றார்.
2.20 – யாரையோ எருமை என்றார்.
3.05 – சுவரில் உதை.
3.30 – மறுபடி எருமை.

டாக்டர் சிரித்துக்கொண்டே புது மாத்திரை எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாலில் படுத்திருப்பவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆட்டோவில் கேட்டேன். "நான் தூங்கினாத்தானே" என்றாள்.

மார்ச் 14

யார் அந்த எருமை என்று கேட்டாள். பேப்பரை விரித்துக்கொண்டேன்.

என் எழுத்து நாளுக்கு நாள் எறும்பாகிக்கொண்டே வருகிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்: அவள்தான். 'எவனாவது' என்று நாலாம் தேதி எழுதியது பொய். கல்யாணமான புதிதில் அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். முதல் திருப்பத்திலேயே அந்த வார்த்தை. நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போனாள். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஊரான் பிள்ளைகளிடம் பொறுமையின் சிகரம் நான். கட்டினவளிடம் ஒரு திருப்பம்கூடத் தாங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16

சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"முப்பது வருஷமா அந்த வண்டியிலயே உட்கார வெச்சிருக்கீங்களா என்னை?"

"ம்."

"கனவுலயாவது ஒழுங்கா ஓட்டறேனா?"

"லாரியைப் பார்த்துத்தான் போறே."

அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றாள். வாயோ சிரித்துக்கொண்டிருந்தது.

படுக்கிற நேரத்துக்குத் தலையணையோடு வந்து நின்றாள். என்னைச் சுவரோரம் தள்ளினாள். பழைய தலையணை ஒன்றை என் வலது பாதத்துக்கு நேராகக் கட்டில் பலகையில் இறுக்கிக் கட்டினாள். "இதான் உங்க பிரேக். வேற எதையும் மிதிக்கக் கூடாது."

மார்ச் 17

எட்டு மிதி. எல்லாம் தலையணைக்கே.

மார்ச் 20

ஐந்து. மாத்திரை வேலை செய்கிறது என்கிறேன். கட்டின கட்டு அப்படி என்கிறாள்.

மார்ச் 25

நேற்றும் கத்தினேன். "லாரி, லாரி!" என் சத்தத்தில் நானே பாதி விழித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்து தூக்கக் கலக்கத்தில் குரல் வந்தது: "பார்த்துட்டேங்க. நீங்க தூங்குங்க."

தூங்கிவிட்டேன். விடிந்து எழுந்து முதல் வேலையாகக் கால்மாட்டைப் பார்த்தேன். தலையணை கட்டினபடியே இருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை.