மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

ஒக்டோபர் 8, திங்கள்

தூறல். எனக்குத் தடிமன். வீடு கூட்டிய தூசியில் மூக்கு முழுக்க அடைத்துவிட்டது, ஒரு மணமும் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி நாலு நாள். முகாமில் நாலு மாதம்.

மிச்சம் இருப்பவை: பாதிக் கூரை, இரண்டு கதிரை, கதவில்லாத அலுமாரி. வாங்க வேண்டியவை: தாம்புக் கயிறு, வாளி, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி.

மூத்தவள் சுபாவின் மீன் தொட்டி இல்லை. அது இருந்த மேசையில் சதுரமாக ஒரு தடம் மட்டும். கண்ணாடித் துண்டு ஒன்றுகூடக் கிடக்கவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாசமாய்ப் போவான்கள்.

ராசாத்தி மட்டும் இருக்கிறாள், ஜாம் போத்தலில். கப்பி மீன், என் சுண்டுவிரலில் பாதி. சண்டைக்குப் பயந்து ஓடின அன்று எல்லோரும் காணி உறுதியும் நகையும் எடுக்க, சுபா தொட்டிக்குள் கையை விட்டு இவளைப் பிடித்துப் போத்தலில் போட்டாள். “இப்ப இதுவா முக்கியம்?” என்று கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அந்த ஒன்றுக்காவது கடவுளுக்கு நன்றி.

முகாமில் சுபாவுக்கு வயிற்றோட்டம். தாங்கித் தண்ணீர்தான் காரணம் என்று டொக்டர் சொன்னார். மூன்று நாளில் பிள்ளை போய்விட்டாள். பதினொரு வயது. அதன் பிறகு ராசாத்திக்கு நான் சாப்பாடு போடுகிறேன்.

ஒக்டோபர் 9, செவ்வாய்

வெயில். கிணறு இறைத்தார்கள். இவரும் பக்கத்து வீட்டு றஹீமா ராத்தாவின் கணவரும். இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். வெளியே வந்தவை: சேறு, ஒரு சைக்கிள் டயர், சோடியில்லாத செருப்புகள், எங்களுடைய அலுமினியப் பானை. “வேற ஒண்டும் இல்ல” என்று இவர் கேட்காமலே இரண்டு தரம் சொன்னார்.

பின்னேரம் புது ஊற்று. கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆனால் குடிக்கப் பயம். கிணறுகளுக்குள் நஞ்சு ஊற்றியிருக்கிறார்கள் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. யார், எப்போது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பவுசர் லொறி வந்தால்தான் குடிதண்ணீர். இன்று வரவில்லை.

ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“உங்கட அந்த மீன இந்தத் தண்ணில விட்டுப் பாப்பமா புள்ள? உசிரோட இருந்தா நாமளும் குடிக்கலாமே.”

“உங்கட கோழிக்குக் குடுத்துப் பாருங்கோவன்!”

கத்திவிட்டேன். ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். ராத்தா தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டா.

ஒக்டோபர் 10, புதன்

பவுசர் இன்றும் இல்லை. சின்னவள் குட்டிக்கு மூன்று வயது, தாகம் என்றால் தாகம்தான். விடிந்ததிலிருந்து தண்ணி, தண்ணி. முகாமிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கானில் நாலு கோப்பை அளவு. அதையும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.

“கிணத்து நஞ்சு கொதிக்க வச்சாலும் போகாது” என்றார் இவர். ராசாத்தியைப் பார்த்தபடி சொன்னார். நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுபாவின் கொப்பியை எடுத்தேன். மீன் வளர்க்கும் முறை, அவளே எழுதியது. ‘1. கொஞ்சமாகச் சாப்பாடு. 2. வெயிலில் வைக்கக் கூடாது. 3. தண்ணீரை ஒரேயடியாக மாற்றக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குதான். (அம்மா மறப்பா.)’

மூன்றில் ஒரு பங்கு எடுத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். ராசாத்தி ஒரு சுற்றுச் சுற்றி வந்து வழக்கம்போல் வாயைத் திறந்து சாப்பாடு கேட்டாள்.

ஒக்டோபர் 11, வியாழன்

ராசாத்தி சுகம். இன்னொரு பங்கு மாற்றினேன். நாளைக்கும் இருந்தால் குடிக்கலாம் என்று இவர். ராத்தா நாலு பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறா. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கானில் ஒரு கோப்பை.

ஒக்டோபர் 12, வெள்ளி

காலையில் குட்டியையும் தூக்கிக்கொண்டு சங்கக்கடை நிவாரண வரிசையில் நின்றேன். அரிசி, பருப்பு, சீனி. இவர் வேலை கேட்டு இறங்குதுறைப் பக்கம் போய்விட்டார். பதினொரு மணிக்குத் திரும்பினேன். கான் காலி. குட்டி அழுகிறாள். எனக்குப் பொறுமை போயிற்று: முழுக்கக் கிணற்றுத் தண்ணீரிலும் ராசாத்தி இருந்தால் உடனே கொடுக்கலாம். வாளியைப் போட்டு இழுத்தேன், ராசாத்தியின் பழைய தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினேன். கொப்பியில் இருப்பது தெரிந்துதான் செய்தேன்.

அரை மணித்தியாலத்தில் மேலே வந்து வாயைப் பிளந்தாள். பிறகு போத்தலில் முட்டி முட்டிச் சுற்றினாள். பிறகு சரிந்தாள். சுத்தத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை மாற்ற. கையில் எடுத்து வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

நஞ்சு! ஒழுங்கைக்கு ஓடினேன். “ஒருத்தரும் கிணத்துத் தண்ணிய வாயில வைக்காதேங்கோ!” ஆளாளுக்குப் பானைகளைக் கவிழ்த்தார்கள். ராத்தா ஓடி வந்தா, போத்தலைப் பார்த்தா, வாயைப் பொத்திக்கொண்டா.

“அல்லாஹ்! புள்ள, நஞ்சு இல்ல. நீங்க வரிசைக்குப் போன நேரம் சுகாதாரக்காரர் வந்தவர். கிருமி சாக எண்டு கிணத்துக்குக் குளோரின் தூள் போட்டுட்டுப் போனவர், அது மீனுக்குத்தான் ஆகாது. ஒரு மணித்தியாலத்தால குடிக்கலாம் எண்டும் சொன்னவர். அடுப்புல சோறு, ஓடிட்டன். உங்களுக்குச் சொல்ல மறந்துட்டன். என்ன மன்னிச்சிருங்க புள்ள.”

“உங்களுக்கு மணக்கல்லயா?” என்று வேறு கேட்டா. தடிமன் பிடித்த மூக்கு. நான் நன்றாகத் திட்டினேன். அவ அழுதா. பிறகு இரண்டு பேரும் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதோம். யாருக்கு அழுதேன் என்று அவவுக்குத் தெரியும்.

பின்னேரம் குட்டிக்கு ராத்தா வீட்டில் மிச்சமிருந்த தண்ணீர். ராசாத்தியைத் தேசிமரத்தடியில் புதைத்தேன்.

ஒக்டோபர் 13, சனி

தடிமன் குறைவு. வாளியை இழுத்ததும் மணம் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரி மணம். முகாமில் நாலு மாதமும் ஒரு நாள்கூட அந்தத் தாங்கியில் இந்த மணம் வரவில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு தரம், இந்தத் தூளை அதில் போட்டிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பாள். ராசாத்தியைக் கொன்ற அதே தூள்.

முதல் கோப்பை நான் குடித்தேன். ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அடுத்தது குட்டிக்கு.

“நாறுது அம்மா. வேணாம்.”

“குடி.”

“ராசாத்தி எங்க?”

“முதல்ல குடி.”

கோப்பையின் அடி தெரியும் வரை நான் கையை எடுக்கவில்லை.