சாவி என் பையில்

என்னங்க,

நல்லாத் தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

காருக்குப் பட்டன் ஸ்டார்ட் வைக்க எலக்ட்ரீஷியன் மத்தியானம் வராராம். டீ போட்டுக் குடுங்க.

நேத்து "அந்தக் காரையே கட்டிக்கிட்டு அழுங்க"ன்னு கத்தினேன். பழைய காருக்குப் புதுப் பட்டன் எதுக்குன்னு நான் கேட்டதா நினைச்சுட்டீங்க. அது இல்ல.

பானட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு "ம், திருப்பு"ன்னு குரல் குடுப்பீங்க. நான் ஈரக் கையோட ஓடி வந்து சாவியத் திருப்புவேன். கார் உங்க பெரியம்மா மாதிரி இருமி இருமித்தான் எழுந்திருக்கும். உடனே மூக்குல கிரீஸோட என்னைப் பார்த்துச் சிரிப்பீங்க. எனக்குப் பகல் டியூட்டி, உங்களுக்கு ராத்திரி டியூட்டின்னு ஆனப்புறம், நீங்க என்னைக் கூப்பிடறதே அதுக்குத்தான். இனிமே உங்க ஒரு விரலே போதுமே. என்னை எதுக்குக் கூப்பிடப் போறீங்க?

டீ போடும்போது பால் பொங்கிடும், பார்த்துக்குங்க.

(இடம் பத்தல, ஓரத்துல எழுதறேன்.) சாவியத் திருப்பினாத்தான் பட்டனுக்குக் கரண்ட் வர்ற மாதிரி வயரிங் பண்ணச் சொல்லுங்க. பண்ணலாமாம், எலக்ட்ரீஷியன்கிட்ட போன்லயே கேட்டுட்டேன். சாவிய நான் திருப்புறேன், பட்டன நீங்க அமுக்குங்க.

வீடு பூராத் தேடாதீங்க, சாவி என் பையில இருக்கு. நீங்க கிளம்பறதுக்குள்ள வந்துடுவேன். ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்னு அவர் சொன்னா, "அவ வரட்டும்"னு சொல்லுங்க.