அம்மா குடித்த ஒரு சொம்புத் தண்ணீர்

மதகடிப்பட்டு,
6-3-1983

அன்புள்ள வசந்தா அக்காவுக்கு, தம்பி உலகநாதன் வணக்கம்.

இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம் அம்மா இன்று பட்டப்பகலில், கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி, ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். டும் டும் டும்!

சிரிக்காதே. சம்பளக்காரருக்குச் சம்பளம் வருவதுபோல் அம்மாவுக்கு மாதாமாதம் நீர்க்கடுப்பும் குளிர்ஜுரமும் வந்ததால்தானே, போன கோடையில் நீ அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய்? ஒருமுறை குணமாகிவிட்ட பெண்களுக்கும் இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, வராமல் தடுப்பது எப்படி என்று அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பாதிப் பேருக்கு இரவில் ஒரு சின்ன மாத்திரை. மீதிப் பேர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மா தண்ணீர்க் கட்சியில் விழுந்தார். “மாத்திர குடுக்காத ஆஸ்பத்திரி இன்னா ஆஸ்பத்திரி?” என்று பஸ்ஸிலேயே உன்னைத் திட்டினாரே!

நீ பம்பாய் போன பிறகு நடந்ததைக் கேள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வேன் வரும். சோதனைக்குச் சிறுநீர்ப் புட்டி கொடுத்தனுப்ப வேண்டும். அம்மாவுக்கு வெட்கம். புட்டியைக் கடைப் பொட்டலம்போல் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, கல்லா ஓரம் வைத்துவிட்டார். பக்கத்திலேயே சம்மந்தம் மாமாவுக்குக் கட்டிவைத்த நல்லெண்ணெய்ப் புட்டி. அப்பா எண்ணெயை வேனுக்கும் மற்றதை மாமாவுக்கும் கொடுத்துவிட்டார்! சத்தியமாக இதில் என் கைவரிசை இல்லை. மாமா மோந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டது நம் குலதெய்வத்தின் கருணை.

மறுநாள் டாக்டரம்மாவே கடைக்கு வந்தார். எண்ணெய்க் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர், அம்மாவுக்கு மறுபடி ஜுரம் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். சொன்னபடி தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது உன் தம்பி சிங்கம்போல் எழுந்து, “பகல்ல போறதுக்கு எடம் இல்லாம எப்டிப்பா குடிப்பாங்க?” என்று அப்பாவிடம் ஒரு போடு போட்டான். அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். கடைக்குப் பின்னால் கதவு, தாழ்ப்பாளோடு கக்கூஸ் தயார்!

தீபாவளிக்கு முன்னால் கட்டியது. இன்றுவரை ஜுரம் எட்டிப் பார்க்கவில்லை. இனி எந்தப் பெண் வந்தாலும் முதலில் அதற்கு இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பேன் என்கிறார் டாக்டரம்மா. அம்மா அவருக்கு ஒரு புட்டி நல்லெண்ணெய் கொடுத்தார், இந்த முறை தெரிந்தே. உனக்கு என்ன கொடுப்பது? நீ அன்று இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அம்மா இன்னும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார். இதைக் கிண்டல் இல்லாமல் எழுதுகிறேன், நம்பு.

அக்கா, கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒன்று. அந்தச் சிங்கம் பொய். பேச்சு சிறுநீரைப் பற்றி என்றதும் கூச்சத்தில் நான் வெல்ல மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பேசியது அம்மாதான். குனிந்த தலை நிமிராமலே, “பொழுது சாயற வரிக்கும் கரும்புக் கொல்லைக்குப் போவ முடியாது டாக்டரம்மா. குடிச்சிட்டு எங்க போறது?” என்றார். அப்பா எதிரில் அம்மா அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அங்கே உனக்குப் பகலில் போக இடம் இருக்கிறதா, அக்கா? இல்லையென்றால் உன் வீட்டுக்காரரிடம் வாய் திறந்து சொல். நிறையத் தண்ணீர் குடி.

மூட்டைக்குப் பின்னாலிருந்து,
உன் தம்பி
உலகநாதன்