ஏசியில் வந்த இலையுதிர்காலம்

இன்று காலை அந்தப் பச்சைப் பொடி டப்பாவைத் திறந்தேன். மூடி இறுகியிருந்தது. கடைசியாக அதை மூடியது நீ. கொஞ்சம் பலம் கொடுத்துத் திருகியதும் வாசனை வந்தது. பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, மருதாணிப் பொடியா?"

"கிரீன் டீம்மா. கேக்குக்கு."

"எனக்கு மருதாணி வாசனைதான் வருது."

நீ முதல்முதலாக இந்த டப்பாவை வாங்கி வந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். "ஏனுங்க, உங்க மூக்கைக் கழட்டி ஒருக்கா சர்வீஸ் உட்டுட்டு வாங்க," என்றாய். அம்மாவிடம் அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆகஸ்டில் நீ இறந்துபோனாய். இப்போது அக்டோபர் முடியப்போகிறது. இந்த இரண்டு வாக்கியங்களும் தனித்தனியாக எனக்குப் புரிகின்றன. சேர்த்து வாசித்தால் புரிவதில்லை.

இலையுதிர்காலம் என்று ஒன்று இருப்பதே அட்டைப்பெட்டி மூலமாகத்தான் உனக்குத் தெரியவந்தது என்பாய். திருப்பூரில் உன் அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியில், சித்திரை வெயிலில், வியர்வையைத் துடைத்துக்கொண்டே அமெரிக்கக் குளிருக்கான ஹூடிகளை மடித்து அடுக்குவார்களாம். பெட்டியின் மேல் ஃபால் என்று, இலையுதிர்காலத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர், அச்சடித்திருக்குமாம். "சின்னதுல எனக்கு வெவரம் பத்தாதுங்க. கீழ உழுந்தா ஒடையற சாமானாட்ட இருக்குது, பாத்துத் தூக்கோணும்னு நெனச்சுக்குவேன்." டெக்சாஸில் இந்தக் கேட்டி ஊருக்கு வந்த முதல் வருஷம் ஒரு கடையில் தொங்கிய கடுகு மஞ்சள் ஹூடியின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தாய். லேபிளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "பாருங்க. எங்கூர்ல தச்சது. நமக்கு முன்னாடியே விசா வாங்கிட்டு வந்து உக்காந்திருக்குது."

அதை வாங்கினோம். அதோடு போட ஜீன்ஸ், எனக்கு ஒரு கட்டம் போட்ட ஃப்ளானல் சட்டை, உனக்குப் பழுப்பு பூட்ஸ், கழுத்துக்கு ஸ்கார்ஃப். போட்டுக்கொண்டு சிவப்பு இலை பார்க்கக் கிளம்பினோம். வெளியே வெயில் ஃபாரன்ஹீட்டில் தொண்ணூறு டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தது. பூங்காவில் எல்லா மரமும் பச்சை. நீ காரை விட்டே இறங்கவில்லை. ஸ்கார்ஃபை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "இந்த ஊர்ல ஃபால் பச்சைதானாட்ட இருக்குதுங்க. அப்ப கேக்கும் பச்சையாவே இருக்கட்டும்." ஊரெல்லாம் பூசணிக்காய் கேக் செய்யும் மாதத்தில் நீ கிரீன் டீ ஸ்பான்ஜ் ரோல் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

வெளியே வராத காலத்தை வீட்டுக்குள் வரவழைக்கும் வழியையும் நீயே கண்டுபிடித்தாய். நம் மகள் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஹால் சுவரில் ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் முன்னால் போய் நிற்பாய். "ஃபால் வர வெக்கலாமா, குட்டி?" அவள் விரலால் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துவாள். எழுபத்தாறிலிருந்து அறுபத்தெட்டு வரை. வீடு குளிர்ந்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிளாஸ்டிக் பெட்டி இறங்கும். மூன்று பேரும் ஹூடியும் ஃப்ளானலும் மாட்டிக்கொண்ட பிறகுதான் நீ முட்டையை உடைப்பாய். குளிர்ந்த சமையலறையில்தான் கிரீம் நிற்கும் என்பது உன் வாதம்.

எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கன்ட்ரோல் சிஸ்டம் வடிவமைக்கிறவன் வீட்டில் இது நடந்தது. "ஒரு பக்கம் ஓவன் சூடாக்குது, இன்னொரு பக்கம் ஏசி ஆத்துது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது," என்று நான் புலம்புவேன். "நம்மளாட்டத்தானுங்க. ஊடு நடக்கறதில்லையா," என்பாய்.

ஓவனிலிருந்து தட்டு வெளியே வந்துவிட்டால் மட்டும் உன் பேச்சு நின்றுவிடும். இட்லிக்குப் போடுகிற வெள்ளைத் துணியை விரித்து, சர்க்கரைப் பொடி தூவி, அந்தப் பச்சைத் தகட்டை அதன் மேல் கவிழ்த்து, துணியோடு சேர்த்துச் சுருட்டுவாய். ஆவி உன் கண்ணாடியில் படியும். கை சுடுமே, ஆறட்டுமே என்று ஒரு தடவை சொன்னேன். "சூடா இருக்கறப்பவே சுருட்டிப் போடோணுங்க. ஆறிப்போச்சுன்னா அது யாரு பேச்சும் கேக்காது." ஆறியதும் துணியைப் பிரித்து, கிரீம் தடவி, மறுபடி சுருட்டுவாய். ஓரத்தில் வெட்டிய துண்டு எனக்கும் யாழிக்கும். அதற்கு எங்களுக்குள் அடிதடி.

ஆகஸ்டில் அந்தக் காலை, தலையைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாய். நான் கார் சாவியைத் தேடினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து யாழியைப் பிடித்துக்கொண்டார். வாசல்வரை நடத்திக் கூட்டிவந்தபோது அவள் உன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நீ குனிய முடியாமல் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னாய். கேட்டது, ஆனால் மனதில் நிற்கவில்லை. அப்போது என் மனதில் இருந்தது ஃப்ரீவே ட்ராஃபிக் மட்டும்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ள ஒரு வால்வு, அதற்கும் முன்னால் ஓர் அலாரம். எந்தக் குழாய்க்கும் இவை இரண்டையும் வைப்பதுதான் என் தொழில். "அலாரம் எதுவும் வராதா?" என்று அவரிடம் கேட்டேன். நான் பதிலுக்காகக் காத்திருந்தேன். இன்னும் காத்திருக்கிறேன் போலத்தான் இருக்கிறது.

யாழியைத் தகனத்துக்குக் கூட்டிப்போகவில்லை. சென்னையிலிருந்து வந்து சேர்ந்த அம்மா அவளிடம், "அம்மா சாமிகிட்ட போயிருக்கா, கண்ணு," என்றாள். யாழி தலையாட்டினாள், அழவில்லை. நல்லவேளை, தாங்கிக்கொண்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் ஷூ மாட்டும்போது, "அப்பா, இஸ் இட் கோல்ட் யெட்?" என்பாள். நான் போனைப் பார்த்து டிகிரி சொல்வேன். ஓகே என்று பையை மாட்டிக்கொள்வாள். வெதர் மேல் பிள்ளைக்கு என்ன ஆர்வம் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் வீடு அடிக்கடி ஜில்லிட்டுப்போக ஆரம்பித்தது. அம்மா குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு டிவி பார்த்தாள். "உங்க ஊர்ல வெளிய வெயில் கொளுத்துது, உள்ள ஊட்டி மாதிரி இருக்கு. என்னடா கணக்கு இது?" தெர்மோஸ்டாட்டைப் பார்த்தால் அறுபத்தெட்டு. ஏற்றிவிட்டேன். மறுநாளும் அறுபத்தெட்டு. பேட்டரி மாற்றினேன். சென்சார் கெட்டிருக்கும் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் புதிதாக ஒன்றைப் பொருத்தினேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஸ்க்ரூவும் வயரும் கையில் இருந்தவரை உலகத்தில் வேறு எதுவும் நடக்காத மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் எடுக்க ஹாலுக்கு வந்தேன். பாத்ரூமில் கை கழுவ ஏறுகிற ஸ்டூலைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டு யாழி மேலே நின்றிருந்தாள். உன் கடுகு மஞ்சள் ஹூடி அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கழுத்தில் ஸ்கார்ஃப். ஒரு விரலை நீட்டி, கீழ்நோக்கிய அம்புக்குறியை நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"யாழி, என்னடா பண்றே?"

திரும்பாமலே சொன்னாள். "ஐ'ம் மேக்கிங் இட் ஃபால். அம்மா செட், வென் இட்ஸ் கோல்ட் வி வில் மேக் த கிரீன் கேக்."

அப்போதுதான் உன் குரல் எனக்குக் கேட்டது. ஆகஸ்டில், வாசலில் குனிந்து நீ சொன்னது. "குளுரு வந்ததும் நாம பச்சை கேக் சுருட்டலாம். சரியா, குட்டி?" இத்தனை நாள் அந்தக் குழந்தை உனக்காக இந்த வீட்டைக் குளிரவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சென்சாரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சாமி, வானம், நட்சத்திரம் எதையாவது சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அவள் அதையும் நம்பி இன்னொரு பட்டனைத் தேடுவாள்.

"யாழி, குளிர் வந்தாலும் அம்மா வரமாட்டாடா. அம்மா செத்துப்போயிட்டா."

அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸில், வங்கியில், உன் அப்பாவிடம், எல்லோரிடமும் வேறு வேறு மாதிரிதான் சொல்லியிருந்தேன். என் குரலிலேயே அதைக் கேட்டபோது வேறு யாரோ வந்து எனக்குச் செய்தி சொன்ன மாதிரி இருந்தது.

யாழி யோசித்தாள். "ஈவன் இஃப் இட் ஸ்னோஸ்?"

"பனி கொட்டினாலும் வரமாட்டா."

சோஃபாவில் குல்லாவோடு தூங்கிப்போயிருந்த அம்மாவை அவள் பார்த்தாள். அப்புறம் மேல்நோக்கிய அம்புக்குறியை எனக்குக் காட்டினாள். "தென் புட் இட் பேக், அப்பா. பாட்டி இஸ் கோல்ட்."

ஏற்றினேன். ஸ்டூலிலிருந்து இறங்கி என் மடியில் உட்கார்ந்து, உன் ஹூடியின் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு மாதமாக எங்கே வைத்திருந்தாளோ. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

வடக்கிலிருந்து முதல் குளிர்காற்று நேற்று ராத்திரி வந்து சேர்ந்தது. காலையில் யாழிதான் சொன்னாள், இன்றைக்குக் கேக் செய்யலாம் என்று. ஏசி அணைந்திருந்தது. அவளுக்கு அவளுடைய அளவில் ஒரு ஹூடி, எனக்கு ஃப்ளானல். அம்மாவுக்கும் உன் ஸ்கார்ஃபைச் சுற்றிவிட்டாள். "என்னைப் பாத்தா வெள்ளைக்காரப் பாட்டி மாதிரி இருக்கா?" என்று அம்மா கேட்டாள். "நோ," என்றாள் யாழி. முட்டை வெள்ளையை அடித்தேன். மாவையும் பச்சைப் பொடியையும் சலித்தேன். இரண்டும் கலக்கும்போது எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. உன் கையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இருந்தும் தெரியவில்லை.

தட்டை ஓவனில் வைத்துவிட்டு, இட்லித் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்தேன். உள்ளே காற்று வரட்டும் என்றுதான். நிஜமான குளிர், முகத்தில் பட்டது. நம் தெருவில் மரங்களெல்லாம் பச்சையாகவே நின்றன. ஒரு கார் திரும்பி நம் வீட்டுப் பக்கமாக வந்தது. வேகம் குறைந்த மாதிரி இருந்தது. நான் ஒரு படி கீழே இறங்கிவிட்டேன். நீ பின்சீட்டிலிருந்து பைகளை எடுப்பாய், கதவைக் காலால் சாத்துவாய், வந்து ஒரு கை கொடுங்கள் என்பாய். அதற்காகக் கையை நீட்டிக்கூட விட்டேன் போல. கார் நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

பின்னால் யாழி என் சட்டையைப் பிடித்தாள்.

"பனி கொட்டினாலும் வரமாட்டா, அப்பா."

தமிழில் சொன்னாள். நாம் எவ்வளவு கெஞ்சியும் இங்கிலீஷில் மட்டுமே பதில் சொல்கிறவள், நான் சொன்னதை அப்படியே, என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு எனக்குத் திருப்பிச் சொன்னாள். அதுவரை நான் சொன்னதை நானே நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே ஓவன் மணி அடித்தது. அம்மா கூப்பிட்டாள். தட்டை எடுத்தோம், துணியில் கவிழ்த்தோம். ஆவி வந்தது. "ஹாட், அப்பா, வெய்ட்," என்றாள் யாழி. வெய்ட் பண்ணக்கூடாது என்றேன். சூடாக இருக்கும்போதே சுருட்டிவிட வேண்டும், ஆறினால் இது யார் பேச்சும் கேட்காது. அவள் ஒரு ஓரம் பிடித்தாள், நான் ஒரு ஓரம். கை சுட்டது. விடவில்லை.