மெஷின் மன்னித்துவிட்டது

வில்லாபுரம்,
9.5.2025

அன்புள்ள நாகஜோதிக்கு,

நான் நலம். நீயும் முத்துமீனாவும் எப்படி? போனை நீ எடுப்பதில்லை, அதனால் தபால். பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள் என்று கோபித்துக்கொண்டு உன் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாய். நான் இப்போது செல்லில் ஏஐ ஆப் போட்டு இங்கிலீஷ் பேசிப் பழகுகிறேன். நேற்று அதை உன்னை மாதிரிப் பேசச் சொல்லி, ஸாரி கேட்டுப் பார்த்தேன். உடனே மன்னித்துவிட்டது! கோபமாகப் பேசு என்றாலும் ரெண்டாவது ஸாரிக்கே இறங்கிவிடுகிறது. உனக்கு மட்டும் ஏன் இம்புட்டு வீம்பு? ஜூன் 2 ஸ்கூல் திறக்கிறார்கள். வந்து சேருங்கள்.

செல்வக்குமார்

பேரையூர்,
15.5.2025

முத்துமீனா அப்பாவுக்கு,

நலம்தான். எல்லோருமா சிரித்தார்கள்? டீச்சர் இங்கிலீஷில் கேட்டதும் நான் முழித்தேன். "இவளுக்கு ஒரு எழவும் தெரியாது டீச்சர்" என்று சிரித்தது நீங்கள் ஒருத்தர்தான். உங்களைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தாள். மெஷினுக்கு என்ன, அதையா பெத்த பிள்ளை முன்னால் அசிங்கப்படுத்தினீங்க?

நானும் பழகுகிறேன். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் மதினி சிங்கப்பூரில் பத்து வருசம் வீட்டு வேலை பார்த்தவர். பருத்தி எடுக்கும்போது அவரோடு இங்கிலீஷ்தான். நடுவில் தமிழ் வந்துவிட்டால் தண்டமாக இன்னொரு நிரைப் பருத்தியும் நான் எடுக்கணும். இடுப்பு ஒடிகிறது.

பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்க விசாரித்துவிட்டேன்.

நாகஜோதி

வில்லாபுரம்,
21.5.2025

ஜோதி,

அவளை அங்கே சேர்த்துவிடாதே. உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு டீச்சர் கேட்டது எனக்கும் விளங்கவில்லை. அடுத்து என் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று உதறல். உன்னைக் காட்டிச் சிரித்துத் தப்பித்தேன். அதற்கப்புறம்தான் ஆப்பே போட்டேன். இதை மெஷினிடம்கூடச் சொல்லவில்லை. தப்பு என்மேல்தான். நீங்கள் ரெண்டு பேரும் இல்லாமல் வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை.

செல்வக்குமார்

பேரையூர்,
26.5.2025

முத்துமீனா அப்பாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல இம்புட்டு நாளா?

நேற்று நானும் மதினியும் இங்கிலீஷில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த முத்துமீனா, "உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதேம்மா, அப்பாதான சொன்னாரு" என்கிறாள். ஏழு வயசுப் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை மத்தியானம் வாரோம். எனக்கு எழுதியதை அவளிடம் நீங்கள் வாயால் சொல்லணும். ஸாரி கீரி வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. வாசலில் வைத்தே சொல்லுங்க. அவள் கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் உள்ளே வருவேன்.

நாகஜோதி