ஆறு மணிச் செய்தியின் நேயர்கள்

நாள் 41. 09:20. சீரிஸ் குறுங்கோள், மூன்றாம் பனிச்சுரங்கம்.
எழுதுவது ஜெனிட்டா, ஊடகவியல் ஆய்வு மாணவி, ஊர் தூத்துக்குடி. காற்று சீர். வெப்பம் 19. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். பூமியிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் கம்பெனிச் செய்தியைச் சுரங்கத் தொழிலாளர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதே ஆய்வு.
முதல் நேர்காணல் வீண். துளைப்பான் ஓட்டும் ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம், "செய்தி கேட்டா தெம்பா இருக்குமா?" என்றேன். "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான்.
பதிவை அனுப்பினேன். பூமியிலிருந்து என் பேராசிரியர் வசுமதியின் பதில்: "பதிலை நீயே ஊட்டிவிட்டுட்டே. செய்தி நேரத்துல என்ன செய்வீங்கன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கோ. அவர் எங்க நிறுத்துறார், எத்தனை நொடி நிறுத்துறார், அதையும் எழுது."

நாள் 43. 16:00.
மீண்டும் அண்ணாச்சி. ஒலிப்பதிவிலிருந்து: "மழை எங்கன்னு சொல்லுற எடத்துல மட்டும் காது குடுப்பேம்மா. (நாலு நொடி.) எங்க வீடு ஒழுகும்லா."
ஒரு மணி நேரம் பேசினார். இப்போதுதான் தொழில் கொஞ்சம் பிடிபடுகிறது.

நாள் 52. 14:35.
காற்று ஆலை வெடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆலையைப் பார்த்துக்கொள்ளும் ரமீஜா அக்கா கணக்குப் போட்டார்: மீதிக் காற்று நாற்பத்தாறு நாளுக்கு.
18:00. செய்தி: "மீட்புக் கப்பல் புறப்பட்டுவிட்டது. நாற்பது நாளில் வந்து சேரும்." அழுதோம். கைதட்டினோம்.

நாள் 61. 10:15.
பேராசிரியரிடமிருந்து ஒன்பது நாளாகத் தகவல் இல்லை. ரேடியோ அறையில் இருக்கும் சந்தனராஜ், மீட்பு வேலைக்கே லைன் போதவில்லை, தனி அஞ்சலுக்கு இடமில்லை என்கிறான். எனக்கு வேறு வேலையும் இல்லை. செய்திகளை வரி வரியாகத் தாளில் எழுதுகிறேன், நிறுத்தங்களோடு.

நாள் 70. 11:40.
மூன்று முறை சரிபார்த்தேன். 58ஆம் நாள் செய்தியில் "கப்பல்" என்ற சொல்லுக்குப் பின் 1.7 நொடி நிறுத்தம், ஒரு மூச்சு. 64இல் அதே 1.7, அதே மூச்சு. 69இலும் அதே. மனிதர்கள் அப்படி வாசிப்பதில்லை. பழைய ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
15:10. சந்தனராஜை உட்காரவைத்தேன். சொல்வது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தேன். ஒரே கேள்வி: "செய்தி எப்படி வருது?" ஐம்பத்திரண்டு நொடி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.
"வெடிச்ச அன்னைக்கே ஆன்டெனா கருகிட்டு, ஜெனி. பூமிக்கு ஒண்ணும் போகல. அங்கேர்ந்து ஒண்ணும் வரல. எல்லாரும் எம் மொகத்தையே பாத்தாங்க. என்னால சொல்ல முடியல. ஒரு நாளைக்குத்தான்னு நெனச்சு ஒட்டுனேன்."

நாள் 71. 07:30.
வாக்கை மீறினேன். சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாள் 73. 08:00.
தொண்ணூறு கிலோமீட்டர் வடக்கே, கைவிட்ட பழைய சுரங்கத்தில், பூமி வரை எட்டும் ஒரு ரேடியோ கோபுரம் உண்டு. அதை இயக்கத் தெரிந்தவன் சந்தனராஜ் மட்டுமே. வண்டியோட்ட அண்ணாச்சி கிளம்பினார். "ரெண்டு நாள்ல வந்துருவோம்" என்றார்.
13:20. ரமீஜா அக்கா காற்றுக் குடுவைகளை எண்ணினார். அவர்கள் போவதற்கு மட்டுமே எடுத்திருக்கிறார்கள். வருவதற்கு இல்லை. அழைத்தோம். ரேடியோவை அணைத்துவிட்டிருந்தார்கள்.

நாள் 74. 12:05.
கோபுரத்திலிருந்து, அண்ணாச்சி குரல்: "சேதி போயிட்டும்மா, பூமிக்குப் போயிட்டு. பய வேலைய முடிச்சுட்டான். தூங்குதான், எழுப்பல. நானும் செத்த படுக்கேன்."
பிறகு இரைச்சல்.
13:10. கோபுரம் வழியாகப் பூமியின் பதில். அப்படியே எழுதுகிறேன்: "மிக அருகிலுள்ள கப்பல் எழுபத்தொரு நாள் தூரத்தில் இருக்கிறது; அதை உங்களை நோக்கித் திருப்பிவிட்டோம். 56ஆம் நாள் வரை உங்களிடமிருந்து பன்னிரண்டு நாள் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் இருந்தது. தொடர்பு அறுந்ததை வெறும் ஆன்டெனாக் கோளாறு என்று நினைத்தோம்; உங்களுக்கு ஆபத்து என்று எங்களுக்குத் தெரியாது. வருந்துகிறோம்."
ஒன்பது பேருக்கு இருபத்தெட்டு நாள் காற்று. யாரும் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லவில்லை.

நாள் 75. 18:00.
எல்லாரும் கூடத்துக்கு வந்து வழக்கமான இடங்களில் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியைப் பார்த்தபடி இருந்தார்கள்.
ரமீஜா அக்கா: "நீ வாசி புள்ள."
"என்னத்த வாசிக்க? நான் எழுதி வச்ச செய்தியெல்லாம் பொய்யின்னுதான் தெரியுமே, அக்கா."
"தெரியும். வாசி."
கப்பல் வந்துகொண்டிருக்கிறது என்று வாசித்தேன். இந்த முறை அது உண்மை. யாரும் அழவில்லை. கைதட்டவுமில்லை. நாளைக்கும் வருவார்கள் என்று தோன்றியது. இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

நாள் 99. 17:20.
தலைவலி. எழுத்து கோணுகிறது. வாசிக்கும்போது மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறேன். நேற்று எங்களில் மூத்தவரான கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை. அவர் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

நாள் 102. 16:45.
கண்டெடுப்பவருக்கு. ஒலிப்பதிவுகள் நீலப் பெட்டியில். ஆய்வில் தகவலாளிகளின் பெயரை மாற்றுவதுதான் முறை. தகவலாளி 1, தகவலாளி 2 என்று. அதை இவர்களிடம் சொன்னேன்.
"எம் பேர மாத்திராத, புள்ள" என்றார் ரமீஜா அக்கா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கையெழுத்தும் வாங்கிவிட்டேன்; போன மூவருக்கும் சேர்த்து அக்காவே போட்டார். மாற்றாதீர்கள்.
ஆவுடையப்பன். சந்தனராஜ். கோமதிநாயகம். ரமீஜா பீவி. எஸ்தர். குருசாமி. முத்துப்பேச்சி. லாசர். வடிவு. இசக்